பின்சீட்டுக்குப் போன பிரேக் மாஸ்டர்

பிரேக் மாஸ்டரின் வலது கால் தனியாகச் சம்பளம் கேட்கும் என்று எங்கள் குடியிருப்பில் கேலி செய்வோம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் கற்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை வருடக்கணக்கில் மிதித்துப் பழகிய கால் வீட்டிலும் சும்மா இருக்காது. தொலைக்காட்சியில் லாரி வேகமாக வந்தால் தரையை மிதிப்பார். மனைவி பேச்சில் வேகமெடுத்தாலும் மிதிப்பார். அங்கே மட்டும் பிரேக் பிடித்ததே இல்லை.

நான் அவர் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருப்பவன். நானும் அவரிடம் கற்றவன்தான். பயிற்சியில் வெண்ணெய் மாதிரி வண்டியை நிறுத்திய நான், தேர்வில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் மூன்று கம்பங்களைச் சாய்த்தேன். வெட்கப்படவில்லை. மாஸ்டரிடம் கற்ற எல்லோரும் முதல் தேர்வில் அந்தக் கம்பங்களைச் சாய்ப்பதும், இரண்டாவதில் தேறுவதும் ஊருக்கே தெரிந்த வழக்கம். "மொத தடவ பதட்டம் இருக்கும் தம்பி, யாரா இருந்தாலும்" என்பார் மாஸ்டர். நாங்களும் தலையாட்டுவோம்.

இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், தினமும் பேருந்தில்தான் போய் வருவார். கேட்டால், "கட்டினவகிட்ட ஸ்டியரிங்கக் குடுத்தா குடும்பம் நடுரோட்டுல நிக்கும்" என்று சிரித்து மழுப்புவார் மாஸ்டர். பெண் கொடுக்கும்போது அக்காவின் அப்பா அவரிடம் கேட்டதே ஒன்றே ஒன்றுதானாம். "என் பொண்ணு பஸ்ஸுக்குக் காத்து நிக்காம பாத்துக்குங்க மாப்பிள்ளை, அது போதும்." மாப்பிள்ளையும் சரியென்றார். பேருந்தும் வந்துபோய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்த நோய் வந்தது. நோயையாவது பொறுத்துக்கொள்ளலாம், கூடவே வந்த சட்டங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது. இந்தக் கரை ஒரு மாவட்டம், அந்தக் கரை வேறு மாவட்டம். இரண்டுக்கும் தனித்தனி அதிகாரிகள், தனித்தனி மூளை. இங்கே பூங்கா திறந்திருக்கும், ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. அங்கே பூங்கா பூட்டியிருக்கும், வாசலில் கிடக்கும் பெஞ்சில் உட்காரலாம். இங்கே முடிவெட்டும் கடை மூடல், அங்கே திறப்பு. எங்கள் பக்கத்து ஆண்கள் ஆற்றங்கரையில் தலையைக் கோதிக்கொண்டு, அக்கரையில் பளபளவென்று நடந்துபோகிறவர்களைப் பார்த்து வயிறெரிந்தோம். "கிருமிக்கு நீச்சல் தெரியாதுன்னு இவங்களுக்கு யாரு சொன்னது?" என்று பாலத்தின் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பால்காரர் தினமும் கத்துவார். போலீஸ்காரருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும், ஒரு நாளும் அவரை அதட்டவில்லை.

மாஸ்டர் தொழிலில் கூத்து இன்னும் அதிகம். எங்கள் கரையில் ஓட்டுநர் பள்ளிகளை மூடிவிட்டார்கள், ஆனால் உரிமத் தேர்வு அரசு அலுவலகத்தில் நடப்பதால் அது மட்டும் நடக்கும். அக்கரையில் பள்ளிகள் உண்டு, தேர்வு கிடையாது. அதாவது இங்கே கற்காமல் தேறலாம், அங்கே தேறாமல் கற்கலாம். மாஸ்டர் பள்ளியைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் அப்பா இருப்பது அக்கரையில், பாலம் தாண்டி இன்னும் வெகுதூரம். தனியாள், கண் பார்வை மங்கல். சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்து பாத்திரம் கருகிப் புகை மண்டியது. அதைக்கூட அவர் சொல்லவில்லை, எதிர்வீட்டுக்காரர் சொன்னார். போனில் கேட்டால், "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். அக்கா போனை வைத்துவிட்டு அழுவார். தளம் மெலிது, மேல் மாடிக்குக் கேட்கும்.

போகவும் வழியில்லை. தனியாக இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் பிள்ளைகள் மட்டும் பாலத்தைத் தாண்டலாம். ஆனால் அக்கரைச் சட்டப்படி ஒரு காருக்கு ஒரே ஆள். மாஸ்டர் ஓட்டிப் போனால் இரண்டு பேர். மாஸ்டர் மட்டும் போகலாமென்றால் மருமகன் பிள்ளை இல்லையாம். இந்தப் பக்கத்து வாடகைக் கார் பாலத்தைத் தாண்டக் கூடாது, அந்தப் பக்கத்துக் கார் பாலத்தை நெருங்கக் கூடாது, நடந்து கடக்க யாருக்குமே அனுமதியில்லை. மாஸ்டர் அலுவலகம் அலுவலகமாகப் போனில் சண்டை போட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "உங்க வீட்டம்மாவையே ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க சார்."

"நானும் ஒரு ஆபீசுக்குப் போன் போட்டேன். உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறாருன்னு கேட்டாங்க" என்றார் அக்கா. "சொல்லவே வாய் வரலீங்க."

மறுநாள் காலை மாஸ்டர் சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். எங்கள் கரையில் ஒரே வீட்டுக்காரர்கள் ஒரே காரில் போகலாம் என்பதால், மாவட்டத்திலேயே அவர் சட்டப்படி கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரே மாணவி அக்காதான்.

அக்கா கெட்டிக்காரர், சீக்கிரமே பிடித்துக்கொண்டார். கியர் மாற்றுவது சத்தமே கேட்காது. வாசலில் வந்து நிறுத்தும்போது கார் அலுங்காமல் நிற்கும். "என் கை ராசி அப்படி" என்று மாஸ்டர் மாடியைப் பார்த்துச் சொல்வார். தேர்வு நாளும் வந்தது. மாஸ்டர் இடத்தில் அதிகாரி உட்கார்ந்தார். அக்கா அழகாக ஓட்டிப் போய், அழகாகத் திரும்பி, நிறுத்தக் கோட்டை அழகாகத் தாண்டி, கம்பங்களைச் சாய்த்தார்.

"மொத தடவ பதட்டம்..." என்று வாசலில் ஆரம்பித்தார் மாஸ்டர்.

"எனக்கு ஒரு பதட்டமும் இல்ல. வண்டி தானா நிக்கும்னு உக்காந்திருந்தேன். இத்தன நாளா நின்னது என் காலாலயா, உங்க காலாலயா?"

"நான் எங்க மிதிச்சேன்? அவசரம்னாதான் மிதிப்பேன்."

அக்கா வாதாடவில்லை. மருந்துக் கடைக்காரர் அல்லவா, சோதித்துப் பார்த்தார். மறுநாள் மாஸ்டர் ஏறுவதற்கு முன்பே அவர் பக்கத்துப் பிரேக்குக்கு அடியில் ஒரு காலி மாத்திரைப் பெட்டியைச் செருகி வைத்தார். தெருவைச் சுற்றி வந்து இறங்கியதும் அதை எடுத்துக் காட்டினார். பெட்டி அப்பளமாக நசுங்கியிருந்தது. மாஸ்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனிதர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் கால்தான் பொய் சொல்லியிருக்கிறது. மாடியில் நின்றிருந்த எனக்கு என் மூன்று கம்பங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றைச் சாய்த்ததில் பாதிப் பங்கு மாஸ்டருக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இனிமே கால வைக்கவே மாட்டேன்" என்றார். அன்று மாலையும் ஒரு பெட்டி நசுங்கியது. அதற்கடுத்த நாள் இன்னொன்று.

அந்த வாரம்தான் எங்கள் மாவட்டத்தில் புதுச் சட்டம் போட்டார்கள். ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தாலும் காரில் மூலைக்கு மூலைதான் உட்கார வேண்டும், ஓட்டுபவரைத் தவிர முன்சீட்டில் ஆள் கூடாது. ஸ்கூட்டரில் மட்டும் இருவர் ஒட்டிக்கொண்டு போகலாம். ஊரே கொதித்தது. பால்காரர் தொண்டை கட்டும்வரை கத்தினார். எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவர் மாஸ்டர்.

"ஒரே கட்டில்ல தூங்குறவங்க கார்ல மட்டும் மூலைக்கு மூலை உக்காரணுமா? எந்தப் புத்திசாலி போட்டான் இத? நான் பின்னாடி உக்காந்தா எப்படிச் சொல்லிக் குடுக்குறது?"

"நல்ல சட்டம்ங்க" என்றார் அக்கா. இரண்டு கரையிலும் சேர்த்து, ஒரு சட்டத்தைப் பாராட்டிய ஒரே குரல் அதுதான். "ஏறுங்க. பின்னாடி."

பின்சீட்டு மூலையில் மாஸ்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எதிரில் பிரேக் இல்லை, கைப்பிடி மட்டும்தான். முதல் நாள் தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வர, அவர் மிதித்த மிதியில் கால்விரல் சுளுக்கிக்கொண்டது. வண்டியை நிறுத்தியது அக்கா. குலுங்கித்தான் நின்றது, நாய் கூடத் திரும்பி முறைத்தது, ஆனால் நின்றது. அதன் பிறகு வாயைத் திறந்து எதுவும் சொல்லிவிடக் கூடாதென்று மாஸ்டர் கைத்துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். ஊரடங்கில் காலியாகக் கிடந்த தெருக்களில் ஒரு பெண் கார் ஓட்டுவதையும், பின்னால் ஒருவர் துண்டைக் கவ்விக்கொண்டு போவதையும் பார்த்த யாரோ, கடத்தல் என்று நினைத்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். அது தனிக் கதை.

அதிகாரியும் பின்சீட்டில் உட்கார்ந்த இரண்டாவது தேர்வில் அக்கா தேறினார். உரிமம் கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே கிளம்பினார்கள். காரில் அரிசி, மருந்து, அப்பாவுக்குப் புதுப் போர்வை எல்லாம் ஏற்றியாயிற்று. "பயிற்சி வாகனம்" என்ற பலகையை மாஸ்டர் தன் கையாலேயே கழற்றினார். பாலம் வரை அவர் பின்சீட்டில் போனார். திரும்பும்போது அவரை ஏற்றிவர நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன்.

பாலத்துக்கு முன்னால் இறங்கியவர், ஜன்னல் வழியாக என்னென்னவோ சொல்ல வந்து, "கண்ணாடியப் பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

"நீங்க சாப்பாட்ட சூடு பண்ணா அடுப்ப அணைங்க" என்றார் அக்கா.

கார் பாலத்தில் ஏறியது. நடுவில் அக்கரைப் போலீசின் தடுப்பு. மாஸ்டர் என் பக்கத்தில் நின்றார். நான் காரைப் பார்க்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்தேன். அது உயர்ந்தது, ஆனால் இறங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கார் தடுப்புக்கு முன்னால் அலுங்காமல் நின்றுகொண்டிருந்தது. காலைத் தூக்கியபடியே சிறிது நேரம் நின்றவர், பிறகு அதை மெல்லக் கீழே வைத்தார். ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து அழுதார். நான் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன்.

பிற்பகலில் போன் வந்தபோது நான் அவர் வீட்டு வாசற்படியில் இருந்தேன். மாஸ்டர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"வந்து சேந்துட்டேங்க" என்றார் அக்கா. அவருக்குப் பின்னால் பெரியவரின் குரல் கேட்டது.

"டிரைவர் தம்பிய உள்ள கூப்பிடும்மா. வெயில்ல நிக்கிறான் பாரு, பாவம். ஒரு வாய் தண்ணியாவது குடிக்கட்டும்."

"டிரைவர் உள்ளதான்பா நிக்கிறா."

பார்வை மங்கலானவர் மகள் கையைத் தடவிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, சாவிக்கொத்து குலுங்கும் ஓசை மட்டும் வந்தது.

"நீயா ஓட்டிட்டு வந்தே? மாப்பிள்ளை கத்துக் குடுத்தாரா?"

"ஆமாப்பா. பின்சீட்டுல உக்காந்துட்டுக் கத்துக் குடுத்தாரு."

பெரியவர் ஒரு முறை இருமிக்கொண்டார்.

"பின்னாடி போய் உக்கார இவ்வளவு வருஷமாச்சா அவருக்கு?"

மாஸ்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அடுப்பில் எதுவோ கருகும் வாசனை வந்தது, நான்தான் உள்ளே போய் அணைத்தேன்.