சத்தம் போடக் கூடாத நேரம்

அந்த வீட்டுக்காரன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. எங்கே இருந்தாலும் அவனுடைய கால் விறைக்கட்டும். மன்னிக்கச் சொல்லி மாதா கோயில் சாமியார் பூசையில் சொல்வார். சொல்லட்டும், அவருடைய வீட்டில் ஹீட்டர் நின்றிருக்காது.

ஜேர்மனியில், எசன் நகரில் நாங்கள் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரன் எங்களுக்கு நேர் கீழே. மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை அவள் அழுதால், அவன் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் கீழேயிருந்து எங்கள் தரையில் இடிப்பான். அது ஓய்வு நேரமாம், யாரும் சத்தம் போடக் கூடாதாம். பச்சை உடம்போடு நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடப்பேன்.

பனி கொட்டிய ஒரு கிழமையில் ஹீட்டர் நின்றது. கொதிகலன் நிலவறையில், அதன் பூட்டுத் திறப்பு அவனுடைய கையில். அவனுக்கென்ன, அவனுடைய அறையில் விறகடுப்பு எரிந்தது. என் கணவர் போய்க் கேட்டார். பழுதுக்கு மாற்றுச் சாமான் சொல்லியிருக்கிறது, பொறுங்கள் என்றான். மறுநாள் நான் பிள்ளையோடு போய்க் கேட்டேன். இன்னொரு ஸ்வெட்டர் போடு, உங்கள் நாட்டுக்காரருக்கு எப்போதும் குளிர்தானே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

எனக்குப் பத்தியம் பார்க்க அக்கா பிராங்பேர்ட்டிலிருந்து வந்திருந்தாள். அவள் சும்மா இருக்கிறவள் அல்ல. ஊரில் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவோமே, அது அவளுக்கு நினைவு வந்தது. கோடையில் இறைச்சி வாட்டிய கரி பல்கனியில் மிச்சம் இருந்தது. என் கணவர் வேலைக்குப் போனதும் அங்கேயே மூட்டி, தணலை இரும்புத் தாச்சியில் அள்ளி அறைக்குள் கொண்டுவந்தாள். ஊர் வீடு என்றால் ஓட்டு இடுக்கால் காற்று போய்வரும். இங்கே யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. போதாததற்கு அக்கா அதன் விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, கதவடியில் துவாயைச் சுருட்டி வைத்தாள்.

அறை சூடானது. சாம்பிராணி மணத்தில் எனக்கு அழுகையே வந்தது. பிறகு தலை இடித்தது, பிள்ளை பெற்ற உடம்புதானே என்று விட்டுவிட்டேன். அக்காவும் நெற்றியைப் பிடித்தபடி சாய்ந்தாள். மகள் பால் குடிக்கிற நேரம் தாண்டியும் அழவில்லை.

"பாத்தியே, சூடு கிடைச்ச உடன சத்தமே இல்லை. நல்ல நித்திரை," என்றாள் அக்கா.

எனக்கும் கண் செருகியது. அப்போது கீழே வாசலில் வீட்டுக்காரன் யாரோடோ பெரிதாகச் சிரிப்பது கேட்டது. அதே ஓய்வு நேரத்தில், அதே சிரிப்பு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பினேன், முழங்கால் மடங்கியது. டேப்பைக் கிழித்து யன்னலை அகலத் திறந்தேன்.

"நாசமாய்ப் போவானே, என்ர பிள்ளை மேல விறைக்குது, நீ கீழ அடுப்பெரிச்சுக் குளிர் காயிறியோ?"

தமிழில் வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். குளிர்காற்று முகத்தில் அடிக்கக் குமட்டிச் சத்தி வந்தது. இவ்வளவு கத்தலுக்கும் பிள்ளை அசையவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன், தலை துவண்டு விழுந்தது. அவளை யன்னலோரம் பிடித்தபடி நான் கத்தியது ஏச்சு இல்லை, ஒப்பாரி.

அவன் பொலிசுக்குப் போன் பண்ணினான். உதவிக்கு இல்லை, ஓய்வு நேரத்தில் கூச்சல் என்று. வந்த பொலிஸ்காரி தாச்சியைக் கண்டதும் எங்களை வெளியே இழுத்து, தீயணைப்புக்காரரையும் அம்புலன்சையும் கூப்பிட்டாள். மாடிப்படியில் ஒட்சிசன் பிடித்த பிறகுதான் மகள் முனகினாள், பிறகு வீரிட்டாள்.

கரித்தணலில் வருகிற நஞ்சுக்கு மணமே இல்லை, புகை அடங்கினாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று தீயணைப்புக்காரர் விளங்கப்படுத்தினார். பிறகு எங்கள் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று வீட்டுக்காரனைக் கேட்டார். வராத சாமான் மறுநாள் காலையில் வந்தது.

மாதா காப்பாற்றினா என்று அக்கா மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்குத் தெரியும், யன்னலைத் திறந்தது என் ஆத்திரம். அதை நான் ஏன் விடவேண்டும்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மத்தியானமே மகள் அழுதாள். கீழேயிருந்து தும்புத்தடி இடித்தது. அக்கா பதறிக்கொண்டு பிள்ளையைத் தூக்கப்போனாள்.

"விடுங்கோ அக்கா, அவள் அழட்டும்," என்றேன்.

எழுந்துபோய் மாடிப்படிக் கதவையும் திறந்துவிட்டேன், அவனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று.