வாயைத் திற, நாக்கைத் தூக்கு

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த பிறகு செமிலிங்கில் பிச்சையின் மளிகைக் கடைக்குச் சாமான் வருவது நின்றுபோயிற்று. டிரஸர் அழகப்பன் வருவது மட்டும் நிற்கவில்லை. அரிசி மூட்டை இருந்த இடத்தில் மரவள்ளிக் கிழங்கு கிடந்தது. சீனி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வாசல் பெஞ்சில், காலையிலிருந்து வெயில் ஏறும் வரை, அழகப்பன் இருந்தார்.

"நம்ம கடையில தட்டுப்பாடு இல்லாமக் கெடைக்கிறது டிரஸரய்யா அபிப்பிராயம் ஒண்ணுதான்" என்பான் பிச்சை. "அதுக்குக் கூப்பன் வேணாம், வரிசை வேணாம். வந்து நின்னாப் போதும்."

அழகப்பனுக்கு இது கேலி என்று தெரியும். தெரிந்தாலும் அபிப்பிராயத்தை நிறுத்தியதில்லை. பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் டிரஸராக இருந்தவர். பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் துரையோடு டீ குடித்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பாம்புக்கடி முதல் பிரசவம் வரை அழகப்பன்தான். சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஓய்வு கொடுத்தார்கள். அவருக்குப் பின்னால் வந்த டிரஸரைச் சயாம் ரயில் ரோட்டுக்குப் போன கூட்டத்தோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அதனால் ஓய்வு பெற்றவரிடமே ஜனங்கள் மறுபடியும் வர ஆரம்பித்தார்கள். மருந்து இல்லை, ஆலோசனை மட்டும்தான் என்று அவர் சொல்லுவார். அந்த ஆலோசனையைத்தான் அவரால் கொஞ்சமாகக் கொடுக்க முடிந்ததில்லை.

"மணி எட்டுங்கிறான், வெளியில பாத்தா இருட்டு!" என்பார். கடிகாரங்களையெல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார்கள். "சூரியனுக்கு யாருய்யா உத்தரவு போடுறது? இந்த நேரத்துக்கு எழுந்து, இந்த நேரத்துக்குத் தின்னா, பித்தம் எப்படி ஒழுங்கா இருக்கும்? ஊர்ல பாதிப் பேருக்குத் தலைசுத்தல் வர்றது கிழங்கால இல்ல, கடிகாரத்தால."

முச்சந்தியில் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போட வேண்டியிருந்ததைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. "இடுப்புக்கு நல்லதுதான். ஆனா முட்டியை மடக்காமக் குனியணும். ஒருத்தனும் ஒழுங்காக் குனியறதில்ல."

"அந்தச் சிப்பாயும் அதையேதான் சொல்லி அறைஞ்சான்" என்றான் பிச்சை.

கொசுவுக்கு வந்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் வாரம் தவறாமல் வாய்க்கால்களில் எண்ணெய் அடிப்பார்கள். இப்போது எண்ணெய் இல்லை, அடிக்கிற ஆளும் இல்லை. "ஒவ்வொரு கொசுவும் கங்காணி கணக்கா வளந்து நிக்குது" என்று தொடங்கி, கடைசியில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாவில் வந்து முடிப்பார். கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது, தோட்டத்து ஜனங்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு கொயினா மாத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுப்பது கம்பெனிச் சட்டம். வாங்குகிறவர்கள் அதை முழுங்குவதில்லை என்பதுதான் தோட்டத்துச் சட்டம். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் துப்பிவிடுவார்கள். அழகப்பன் வந்த புதிதில், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தார். வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் கிடந்தன. மறுநாள் மாத்திரையை நிறுத்திவிட்டு, லயம் முழுவதற்கும் ஒரு வாரம் தண்ணீர்க் கொயினாவைக் கரண்டியில் ஊற்றினார். அதை ஒதுக்க முடியாது. அந்தக் கசப்பு மூன்று நாள் சோற்றிலும் இருந்தது. எட்டாவது நாள் மாத்திரைக்குத் திரும்பியபோது ஒவ்வொருவர் முன்னாலும் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. சரி, போ."

இருபத்தாறு வருஷம் அதுதான். அதன்பிறகு வாய்க்காலில் ஒரு மாத்திரைகூடக் கிடந்ததில்லை.

"என் கண்ணை ஒருத்தரும் ஏமாத்தினது கெடையாது" என்று முடிப்பார். "சாட்சி வேணுமா? நம்ம சிகப்பியைப் பாரு. ஆளு கல்லு மாதிரி. அத்தனை வருஷத்துல ஒரு நாள் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிப் படி ஏறினதில்ல. பெரிய டாக்டர்கிட்டயே காட்டியிருக்கேன், இதுதான் கொயினா வளத்த உடம்புன்னு."

பால்வெட்டுக்காரி சிகப்பி விறகுக் கட்டோடு அந்தப் பக்கம் போகும்போது இந்தப் பேச்சு காதில் விழுந்தால், தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவாள். அடக்கமான பொம்பளை என்று அழகப்பன் அதையும் சேர்த்துச் சொல்லுவார்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு அவர் மனைவி குணவதிக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்தாற்போல மத்தியானத்தில் குளிர் தூக்கிப்போடும். பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்வை. இரண்டு தடவை வந்து தானாக விட்டது. மூன்றாவது தடவை விடவில்லை. கண்ணின் உள்பக்கம் வெளுத்துவிட்டது. இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தால் மண்ணீரல் கட்டியாகத் தட்டுப்பட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று அழகப்பனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அவர் கையாலேயே எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடியிருக்கிறார்.

வீட்டில் ஒரு மாத்திரைகூட இல்லை. ஓய்வு பெறும்போது கொண்டுவந்திருந்த ஒரு பாட்டிலை, தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிய பிறகு, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டார்.

"கடைசி ரெண்டையாவது எனக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கலாமே" என்றாள் குணவதி, குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும்போதே.

"டிரஸர் வூட்டுல ஒளிச்சு வெச்சான்னு பேரு வரவா?"

"பேரு நல்ல பேருதான். அதைக் கரைச்சுக் குடுங்க, குடிக்கிறேன்."

டயருக்குப் பதிலாக ரப்பர்த் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்த சைக்கிளில் டவுனுக்குப் போனார். போகும் வழி முழுக்க எலும்பெல்லாம் அதிர்ந்தது. மருந்து இருந்த இடத்திலெல்லாம் அது சிப்பாய்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பழகிய கம்பவுண்டர் ஒருவர் கையை விரித்துக் காட்டிவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி, வேப்பம்பட்டைக் கஷாயம் போட்டுப் பாருங்கள் என்றார். இருபத்தாறு வருஷம் வேப்பம்பட்டைக் கஷாயம் குடித்தவர்களைத் திட்டித் தீர்த்தவரிடம்! அழகப்பன் சைக்கிளைத் திருப்பினார். முச்சந்தியில் முட்டியை மடக்காமல் குனிய மறந்துபோய், ஒரு திட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அவர் கடைப் பக்கம் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. பிச்சை அந்தக் காலியான பெஞ்சைப் பார்த்துவிட்டு, வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னான். விறகு கொண்டுவந்து இறக்கிய சிகப்பியிடமும் சொன்னான்.

"அம்மாவுக்கா?" என்று கேட்டாள் அவள். விறகுக்கு ஈடாக அவன் கொடுத்த கிழங்கைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் அழகப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"என்ன சிகப்பி? உனக்குமா காய்ச்சல்?"

"இல்லீங்கய்யா."

"பின்னே?"

"திட்ட மாட்டேன்னு சொல்லுங்க, குடுக்கிறேன்."

"திட்டறதுக்கு எனக்கு இப்போ தெம்பு இல்ல. என்ன அது?"

மூடியைத் திறந்து நீட்டினாள். அடியில் காய்ந்த வேப்பிலை. அதன்மேல், பாதி டின் வரைக்கும், சற்றே பழுப்பேறிய மாத்திரைகள். அழகப்பன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நுனிப் பல்லால் கடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தே அது என்னவென்று யாரும் சொல்லிவிடலாம்.

"கொயினா!" என்றார். "ஏது உனக்கு?"

"நீங்க குடுத்ததுதாங்க."

"நான் எப்போ..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். டின்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பெரட்டுல குடுத்ததா?"

சிகப்பி தலையாட்டினாள்.

"நான்தான் வாயைத் திறந்து பாத்தேனே! நாக்கைத் தூக்கிப் பாத்தேனே!"

"பாத்தீங்க. வாயைத்தான பாத்தீங்க, கையை எங்க பாத்தீங்க?" அவள் விரல்களை மடக்கிக் காட்டினாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு மாத்திரை. வாயை நோக்கிக் கை போயிற்று, தலை பின்னால் சாய்ந்தது, தொண்டை ஏறி இறங்கியது. மாத்திரை விரலிடுக்கிலேயே இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலையைப் பெரிய டாக்டர் தையல் போடும்போதுகூட அழகப்பன் பார்த்ததில்லை.

"எதுக்கு? எதுக்கு இப்படி?"

"எங்க மாமியா சொல்லிச்சு, கொயினா தின்னா வயித்துல புள்ளை தங்காதுன்னு. அப்பறம் நாலு பெத்துட்டேன், அதுக்குள்ள கை பழகிப் போச்சு."

"சரி, வாய்க்கால்ல போடறதுதானே?"

"போட்டா லயத்துக்கே கரண்டியில ஊத்துவீங்களே! அந்த ஒரு வாரம் எல்லாரும் என்னையத்தான் சந்தேகப்பட்டு அடிக்க வந்தாங்க. அதான் டின்னுல போட்டு வெச்சேன். கம்பெனி குடுத்தது, எறியவும் மனசு வரல."

அழகப்பன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "உனக்குக் காய்ச்சலே வந்ததில்லையே" என்றார், கடைசியாக ஒரு பிடிமானத்தைத் தேடுகிறவர் போல.

"வராம என்னங்க, வருஷத்துக்கு ரெண்டு தரம் வரும். ஒங்ககிட்ட வந்தா மாத்திரை குடுப்பீங்கன்னுதான் வரல."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. குணவதி இருமுகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே, "வெசாரணையெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல மாத்திரையக் குடுங்க."

அவர் எழுந்து, கையைக் கழுவி, தண்ணீர் மொண்டுகொண்டு போனார். குணவதி மாத்திரையை வாங்கினாள், வாயில் போட்டாள், தண்ணீரைக் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள். அழகப்பன் பழக்க தோஷத்தில் குனிந்தார்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. சரி."

"சரியில்லீங்கய்யா" என்றாள் பின்னாலிருந்து சிகப்பி. "அம்மா, வாய் கெடக்கட்டும். கையக் காட்டுங்க."

குணவதி அவளை முறைத்தாள். முறைப்பு பலிக்கவில்லை. மெதுவாக விரல்களை விரித்தாள். உள்ளங்கையில், வேர்வையில் ஒட்டிக்கொண்டு, மாத்திரை இருந்தது.

"இதைத் தின்னா காது இரையும்" என்றாள் குணவதி. "முன்ன ஒரு தரம் தின்னுட்டு நாலு நாளைக்கு ரயில் ஓடிச்சு காதுக்குள்ள."

"ஓடட்டும்" என்றார் அழகப்பன். அந்தக் குரலில் டிரஸர் யாரும் இல்லை. "குணா, முழுங்கு."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முழுங்கினாள். சிகப்பி இரண்டு கையையும் திருப்பிப் பார்த்து, முந்தானை முடிச்சையும் பார்த்து, தலையணைக்கு அடியிலும் தடவிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

ஏழு நாள் அவளே காலையிலும் மாலையிலும் வந்து நின்றாள். மூன்றாம் நாள் குளிர் வரவேண்டிய மத்தியானத்தில் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. ஏழாம் நாள் குணவதி எழுந்து உட்கார்ந்து, கிழங்கு வெந்தது போதாது என்று குறை சொன்னாள். அழகப்பன் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

மறுநாள் பெஞ்சுக்குத் திரும்பி வந்தார். பிச்சைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிகப்பியே சொல்லியிருந்தாள், நடித்தும் காட்டியிருந்தாள்.

"டிரஸரய்யா, ரொம்ப நாளாச்சு, அந்தக் கொயினாக் கதையச் சொல்லுங்களேன். யாரோ கல்லு மாதிரி ஒருத்தின்னு சொல்லுவீங்களே."

"அந்தக் கதையில ஒரு திருத்தம் இருக்கு" என்றார் அழகப்பன். பிறகு திருத்தத்தைச் சொன்னார். பழைய கதையைவிட அது நீளமாக இருந்தது.

டின்னில் இன்னும் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. லயத்தில் ஏழெட்டுப் பேர் காய்ச்சலாகக் கிடந்தார்கள். அதைக் கேட்டு வாங்க அழகப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. சிகப்பியே கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். மறுநாள் காலை, ஜப்பான் மணி எட்டாகியும் விடியாத அந்த நேரத்தில், இரண்டு பேரும் லயத்து வாசலில் நின்றார்கள். அவர் மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்றார். அதற்குள் சிகப்பி அடுத்த பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

"அது அவரு வேலை" என்றாள். "எனக்குக் கையக் காட்டு."

முதல் ஆளின் கையிலேயே ஒன்று இருந்தது.