காலிப் பட்டம்

பெல்ட் என் மேசைமேல் இருக்கிறது. ஒருபுறம் கண்ணாடிக் கூடு, மறுபுறம் பிரஷர் மாத்திரைகள், நடுவில் இந்தப் பித்தளைத் தகடு. தோல்வார் காய்ந்து வெடித்துவிட்டது. தகடு மட்டும் மங்கவில்லை. யாரோ அதை வருடக் கணக்காக விடாமல் துடைத்து வந்திருக்கிறார்கள். நடுவில் இறக்கை விரித்த ஒரு பறவை. அது கழுகாக இருந்திருக்க வேண்டும். செய்துகொடுத்த மருதானைப் பட்டறைக்காரர் கழுகைக் கண்டதில்லை. அதனால் அது பருந்துக்கும் சேவலுக்கும் இடையில் நின்றுவிட்டது. அதன் கீழே, 'மெக்சிகோ ஹெவிவெயிட் சாம்பியன்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அந்த எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவன் நான். அதனால் எழுத்துப் பிழை இல்லை. இந்தப் பட்டத்தின் கதையில் பிழையில்லாத இடம் அது ஒன்றுதான்.

அப்போது நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, ஒரு பத்திரிகையில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிது. கீழ்வீட்டுக்காரர் மல்யுத்தக் காட்சிகள் நடத்துபவர். எல்லோரும் அவரை முதலாளி என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். வெறும் சண்டை என்றால் மைதானம் பாதிகூட நிறைவதில்லை, சண்டைக்கு ஒரு பட்டம் வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போன பழைய மல்யுத்தச் சஞ்சிகை ஒன்றை என்னிடம் தந்தார். அதில் மெக்சிகோ நாட்டு ஹெவிவெயிட் பட்டத்தின் வரலாறு இருந்தது. அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.

"அமெரிக்காப் பட்டம்னு போட்டா எவனாவது புத்தகத்தத் தூக்கிட்டு வந்துருவான் தம்பி. மெக்சிகோவுக்கு எவன் போய்க் கேக்கப்போறான்?"

நான் அதை ஓர் அரச பரம்பரையின் வரலாற்றைப் படிப்பதுபோலப் படித்தேன். அந்த நாட்டில் சனங்கள் கொண்டாடுவது முகமூடி அணிந்து காற்றில் பாயும் மெலிந்த வீரர்களைத்தான். பாரமான ஆட்கள் அங்கே குறைவு. அதனால் ஹெவிவெயிட் பட்டம் அடிக்கடி ஆளில்லாமல் நின்றிருக்கிறது. வைத்திருந்த ஒருவன் வேறு நாட்டுக்குப் போய்விடுவான், இன்னொருவனுக்கு முழங்கால் போய்விடும், வேறொருவன் நடத்துபவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு விலகிவிடுவான். பிறகு ஒரு போட்டி வைத்துப் புதியவனைத் தேடுவார்கள். அந்த நாட்டிலே பிறந்தவன்தான் அந்தப் பட்டத்துக்கு நிற்கலாம் என்ற விதியும் அதில் இருந்தது. அந்த விதியை முதலாளி எழுத வேண்டாம் என்றார். நான் எழுதவில்லை.

பட்டம் ஆளில்லாமல் நிற்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். எங்கள் பத்திரிகையில் 'வெற்றிடம்' என்று எழுதுவார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. சனங்கள் பேசுகிற தமிழில் எழுத வேண்டும் என்ற வீறாப்பு எனக்கு அந்த வயதில் இருந்தது. வீடு காலி, பஸ்ஸில் சீட் காலி என்றால் பட்டமும் காலிதானே. பெயரும் ஊருமாக வரிசையாக எழுதி, கடைசி வரியில் 'காலி' என்று மட்டும் போட்டேன்.

முதலாளி விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"தம்பி, இதென்ன, நம்ம காலி டவுனா?"

"முதலாளி, அது ஊர் இல்லை..."

"பேரில்ல, ஊர் மட்டும் இருக்கு. காலிக்காரன் ஒருத்தன் அங்க போய் அடிச்சு எடுத்திருக்கான்! கப்பல்ல போனவனா இருக்கும்."

"இல்லை, நான் சொல்ல வந்தது..."

"சும்மா இருங்க தம்பி. இதவிட நல்ல கதை உங்களுக்கு வருமா?"

அவர் உண்மையாகவே பிழையாக வாசித்தாரா, விளங்கிக்கொண்டுதான் சிரித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை கொட்டாஞ்சேனைச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மெக்சிகோ சென்று பட்டம் வென்று திரும்பிய காலி வீரர் வருகிறார். அவரை எதிர்த்து நிற்பவர் நமது கொட்டாஞ்சேனைப் பயில்வான்.

பயில்வான் எங்கள் தெருக்காரர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்றாலும், படித்தவன் என்பதற்காக 'வாங்க', 'சொல்லுங்க' என்றுதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது அவருடைய சட்டையின் கழுத்துப் பொத்தான் ஒருநாளும் பூட்டுப்பட்டதில்லை, அவ்வளவு கழுத்து. சின்ன மகள் அந்தக் கழுத்தில் கால்போட்டு உட்கார்ந்து வருவாள்.

காலி வீரராக வந்தவர் தெற்குக் கரையில் உள்ள காலியிலிருந்து கூட்டி வரப்பட்ட ஒரு சிங்களத் தோணிக்காரர். மெக்சிகோவை அவர் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். வாயே திறக்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவைத்திருந்தார். பயில்வான் தூக்கிப் போட்டதும் அவர் அம்மாவைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் "அம்மே!" என்று அலறிவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி, "மெக்சிகோ போய் வந்தாலும் அம்மே அம்மேதான்டா!" என்று கத்த, மைதானம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் பட்டம் கொட்டாஞ்சேனைக்கு வந்தது. சனங்கள் அதைக் 'காலிப் பட்டம்' என்றார்கள். காலியிலிருந்து வந்த பட்டம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார்கள். அதன் மற்ற அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைத்தான் இன்று என்னால் மன்னிக்க முடியவில்லை.

பயில்வான் மாறத் தொடங்கினார். குடியை விட்டார். துறைமுகத்தில் மேற்பார்வையாளர்கூட "சாம்பியன், இங்க வா" என்று கூப்பிடுவதாகச் சொன்னார். பெல்ட்டை மனைவியின் கூறைச் சேலையில் சுற்றி மாதா சொரூபத்தின் கீழ்த் தட்டில் வைத்திருந்தார். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு, வந்த பிறகும் குடிக்காமல் இருந்தார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கோ அண்ணை."

"இந்தச் சண்டையெல்லாம் நாடகம். அது எனக்குத் தெரியும், முதலாளி சொல்ற மாதிரி விழுறோம், எழும்புறோம். ஆனா பட்டம்? பட்டம் உண்மைதானே?"

நான் "ஓம்" என்றேன்.

அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். என்னைப் படித்தவன் என்று ஒருவர் நம்பிக் கேட்டது எனக்கு இனித்தது. நான் எழுதிய ஒரு சொல்லை ஊரே வாயில் வைத்திருந்தது அதைவிட இனித்தது. உண்மையைச் சொன்னால் இரண்டும் போய்விடும். அவ்வளவுதான் காரணம். அவர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சில மாதங்களின் பின் வெளிநாட்டு மல்யுத்த வீரர் ஒருவரை முதலாளி வரவழைத்தார். மூன்றாவது சுற்றில் பயில்வான் தோற்க வேண்டும், பட்டம் வந்தவரோடு போக வேண்டும் என்பது ஏற்பாடு. பயில்வான் தலையாட்டிக்கொண்டு கேட்டாராம். மூன்றாவது சுற்றில் அவர் விழவில்லை. வந்தவர் காதுக்குள் ஏதோ சொன்னார், பயில்வான் விழவில்லை. மற்றவருக்கு ஆத்திரம் வந்தது. பயில்வானின் வலது கையைப் பின்னால் வளைத்துப் பூட்டுப் போட்டார். தோற்றேன் என்று தரையைத் தட்டினால் விட்டுவிடுவார்கள். பயில்வானின் இடது கை சும்மாதான் இருந்தது. தரைக்கு மேலே, விரல்கள் விரிந்து, அப்படியே நின்றது. அவர் தட்டவில்லை. நான் முன்வரிசையில் இருந்தேன். தோள் விலகிய சத்தம் எனக்குக் கேட்டது. மத்தியஸ்தர் பாய்ந்து விழுந்து பிரித்துவிட்டு, வெற்றி தோல்வி சொல்லாமல் சண்டையை நிறுத்தினார்.

தூக்கிக்கொண்டு போகும்போது என்னைக் கண்டார். முகமெல்லாம் வியர்வை. "பட்டம் நம்மகிட்டதான் தம்பி," என்றார்.

அந்தக் கை அதன் பிறகு மூட்டை தூக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றை வாய்க்குத் தூக்கவே சிரமப்பட்டது. முதலாளி கொஞ்ச நாளில் மல்யுத்தத்தை விட்டு வேறு வியாபாரத்துக்குப் போனார். நான் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். சில வருடங்கள் கழித்துக் காலி வீதியில் ஒரு புடவைக்கடை வாசலில் காக்கி உடுப்போடு பயில்வான் நின்றார், வாச்சர் வேலை. என்னைக் கண்டதும் இடது கையால் சலூட் அடித்தார். அதன் பிறகு நான் எதிர்ப்பக்கத்து நடைபாதையால் போகப் பழகிக்கொண்டேன். அவர் வேலையை விடும்வரை அப்படித்தான் போனேன். காலி வீதி அகலமான வீதி. ஆனாலும் சில நாட்களில் பஸ்களுக்கு இடையால் அந்த இடது கை உயர்வது தெரியும்.

சென்ற மாதம் அவர் மகள் என் வீட்டைத் தேடி வந்தார். கழுத்தில் உட்கார்ந்து பூசைக்கு வந்த அதே பிள்ளை. இப்போது தலை நரைத்து, கல்கிசையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கையில் ஒரு கடைப் பை, பைக்குள் பெல்ட். அப்பா போய்விட்டார், சேமக்காலையில் அவர் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும், அதில் பட்டத்தை எழுத வேண்டும், எப்படி எழுதுவது என்று அங்கிள் சொல்லுங்கள் என்றார்.

"என் தம்பி கனடாவுல இருந்து சொல்றான், அதெல்லாம் சும்மா கதையாம். நான் விடுவனா? இங்க பாருங்க அங்கிள், நானே தேடி எடுத்துட்டேன்."

கைத்தொலைபேசியை நீட்டினார். மெக்சிகோ நாட்டு ஹெவிவெயிட் பட்டத்தின் முழு வரலாறும் அதில் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தைத் தொலைபேசி தானாகத் தமிழாக்கியிருந்தது. பெயர்கள் எல்லாம் கோணல்மாணலாக வந்திருந்தன. அவர் விரலால் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அப்பா பேரு இல்ல, சரி. ஆனா பாருங்க, காலின்னு போட்டிருக்குல்ல? இங்கயும் காலி, கீழயும் காலி. காலிப் பட்டம்னு அப்பா சொன்னது பொய்யில்லையே?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்தேன். எந்த வீறாப்பும் இல்லாத ஒரு யந்திரம், நான் தேர்ந்த அதே சொல்லைத் தேர்ந்திருந்தது. மறுபடி ஒரு 'ஓம்' போதும். கல் எழும்பிவிடும், அவர் நிம்மதியாகப் போய்விடுவார், எனக்கும் மிச்சம் அதிக நாளில்லை.

நான் சொல்லிவிட்டேன். சஞ்சிகை, என் தமிழ், முதலாளி, தோணிக்காரர், தேத்தண்ணிக் கடை, எல்லாம். தொலைபேசியின் வெளிச்சம் அணைந்தது.

"அப்பா நேர்ல கேட்டப்போ ஓம்னு சொன்னீங்க. அவர் போன பிறகு எனக்கு மட்டும் ஏன் அங்கிள் உண்மை?"

அவர் பைக்குள்ளிருந்து பெல்ட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கைக்குப் பதிலா அம்மா ஆயுசு முழுக்கச் சோறு ஊட்டினா. நோகுதான்னு கேட்டா, பட்டம் இருக்கில்ல, விடுன்னுவாரு." அவர் அழவில்லை. பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், பெல்ட்டை எடுக்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டும். கல்லுல போட உண்மையா ஒரு வரி எழுதி வைங்க. பொய் ஒரு சொல்லும் வேணாம். எழுதின பிறகு சொல்லுங்க, வந்து ரெண்டையும் எடுத்துக்கிறேன்."

வாழ்நாள் முழுக்க எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு வரிக்காக இந்த மேசையில் இவ்வளவு நாள் உட்கார்ந்ததில்லை. 'மாவீரர்' என்று எழுதினேன், அது நோட்டீஸ் மொழி. 'நல்ல தகப்பன்' என்று எழுதினேன், அதைச் சொல்ல நான் யார். சண்டை நாடகம், பட்டம் உண்மை என்று அவர் நம்பினார். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், நடந்தது நேர்மாறு என்று எனக்கு உறைத்தது. பட்டம் மருதானையில் செய்தது. அந்தக் கடைசிச் சண்டை மட்டும், அந்த மைதானத்தில் நடந்த எல்லாவற்றிலும், உண்மையாக நடந்தது. அவருடைய இடது கை தரையைத் தட்டவில்லை. அதை நான் என் கண்ணால் கண்டேன்.

மேலே உள்ளவற்றை எழுதி நிறுத்தியது வெள்ளிக்கிழமை. ஞாயிறு பூசை முடிந்து மகள் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளை நீட்டினேன். பெயருக்குக் கீழே ஒரே வரி: 'ஒருபோதும் தரையைத் தட்டாதவர்.'

வாசித்தார். மறுபடி வாசித்தார். அவருடைய அப்பாவின் அதே கண்கள் என்னை நிமிர்ந்து பார்த்தன.

"இது உண்மைதானே அங்கிள்?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்தார். பெல்ட்டை இரண்டு கையாலும் தூக்கி, முந்தானையால் தகட்டை ஒருமுறை துடைத்து, பைக்குள் வைத்தார். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டது, பிறகு காலி வீதியின் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரைகளுக்கும் நடுவில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வேறு சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. காலியாகத்தான் இருக்கிறது.