சக்கரம் எழுதிய ‘சரி’

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அவனைச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அலுத்து, காலை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடினான். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அக்கா. தையல்கடையில் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கப் பட்டன் ஓட்டைதான். அவள் கடைக்குக் கிளம்பியதும், அவள் தைத்துக் கொடுத்த சட்டையையே மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தான். ‘சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாள்’ என்று பின்னால் தன் புத்தகத்தில் எழுதினான். சொல்லிப் பார்க்காதவனுக்கு எப்படித் தெரியுமாம்?

சரக்குக் கப்பலின் சமையலறையில் வெங்காயம் உரித்தபடியே மூன்று கடல்களைக் கடந்தான். முதல் கடலைப் பார்த்ததும் கண்ணீர் பெருகியதாகப் புத்தகத்தில் இருக்கிறது. கடலுக்கா, வெங்காயத்துக்கா என்று இல்லை. உப்பு மூட்டை லாரியின் மேல் படுத்துப் பதினோரு நாள் பாலைவனத்தில் போனான். காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி இரண்டு மாதம் கம்பி எண்ணினான். இதெல்லாம் சத்தியமாக நடந்தது. பின்னால் ஒருத்தரும் நம்பாமல் போனதும் இதைத்தான்.

நாலு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தால், கதவில் வேறு யாருடையதோ பூட்டு. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

“அக்கா போயிட்டாங்களே தம்பி. கல்யாணமாகி, ரெண்டு பஸ் மாறிப் போற தூரம்தான். விலாசம் தரட்டுமா?”

வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எந்த முகத்தோடு போவது? அடுத்த கப்பல் முடியட்டும், அதற்கடுத்த கப்பல் முடியட்டும் என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. உலகத்தைச் சுற்றியவனுக்கு இரண்டு பஸ் மாற முடியவில்லை.

அப்புறம்தான் தன் கதையை எழுத உட்கார்ந்தான். பூட்டைப் பார்த்த இடத்தை நடந்தது நடந்தபடி எழுதினான்: ‘வந்து பார்த்தேன். அக்கா போய்விட்டாள்.’ அச்சகத்தில் பிழைதிருத்துகிறவருக்கு இளகிய மனசு. நம் பேச்சில் கிளம்பினவளும் போய்விட்டாள்தான், செத்தவளும் போய்விட்டாள்தான். மனிதர் அதைச் சிவப்பு மையால் அடித்து ‘இறந்துவிட்டாள்’ என்று திருத்தி, ஓரத்தில் ‘சரிதானே?’ என்று கேட்டிருந்தார்.

அந்தத் தாள் சக்கரத்தின் கைக்கு வந்தது. உயிரோடு இருக்கிற அக்காவை இருபது வருஷமாக ஏன் பார்க்கவில்லை என்று எவனும் கேட்பான். செத்த அக்காவைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? கீழே ‘சரி’ என்று எழுதினான். அதோடு விட்டானா? தான் தேம்பித் தேம்பி அழுததாக ஒன்றரைப் பக்கம் கைச்சரக்கையும் சேர்த்தான்.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்காகவே புத்தகம் ஓடியது. பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். தலைவர் அதையே எடுத்து ஒலிபெருக்கியில் தழுதழுக்கப் படித்தார். நூலகத்தில் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு வந்திருந்த ஒரு பெண் கடைசி வரிசையில் எழுந்தாள்.

“ஐயா, அந்தச் செத்துப்போன அக்கா நான்தான். கொஞ்சம் சத்தமா படிங்க, பின்னாடி கேக்கல.”

அரங்கு சிரித்தது. யாரும் சொல்லாமலே சிரிப்பு நின்றது.

மறுநாள் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அக்காவையே கொன்றவனுக்குக் கடல் எம்மாத்திரம், பாலைவனம் எம்மாத்திரம்? எல்லாம் புளுகு என்றார்கள். பதிப்பாளர் புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார். சக்கரத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அக்கா ‘டேய்’ என்று கூப்பிட்டுத் திட்ட வேண்டும். செருப்பால் அடித்தாலும் சரி, ‘டா’ போட்டு அடிக்க வேண்டும்.

ஒருவழியாக இரண்டு பஸ் மாறிப் போனான்.

கதவைத் திறந்தவள், “வாங்க,” என்றாள்.

அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவள்.

“என்னக்கா, வாங்க போங்கன்னு...”

“பெரிய எழுத்தாளர். உக்காருங்க.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவள் தையல் மெஷினில் பாதியில் விட்ட சட்டைக் கையை எடுத்துக்கொண்டாள்.

“நான் செத்ததுக்கு அழுதீங்களா?”

“அதான் எழுதியிருக்கேனே அக்கா.”

“எழுதினதைப் படிச்சேன். நல்லா இருந்துச்சு, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அழுதீங்களான்னுதான் கேட்டேன்.”

அவள் தலை நிமிராமல் பேசினாள்.

“நீங்க காணாமப் போனப்போ, கடல்ல விழுந்து செத்திருப்பான், செய்யவேண்டியதைச் செஞ்சிடுன்னாங்க. நான் செய்யல. யார் கேட்டாலும், வெளியில போயிருக்கான், வந்துடுவான்னுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை என் வாயில வரல. உங்களுக்கு எழுதவே வந்திருக்கு.”

“தப்புதான்க்கா. ஒரே ஒரு தடவை ‘டா’ போட்டுத் திட்டிடேன்.”

“வெளியாளை எப்படிங்க திட்டறது?”

எழுந்து சமையலறைக்குள் போனாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“டேய், ஆறிப்போகுது. வாடா சாப்பிட!”

சக்கரம் துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மாடிப்படியில் அவள் மகன், அரும்பு மீசைக்காரன், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கி வந்தான். இவனைத் தாண்டி உள்ளே போனான்.

சத்தம் கேட்டு அக்கா சமையலறை வாசற்படிக்கு வந்தாள். விழுந்த நாற்காலியைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கை.

“நீங்களும் வாங்க,” என்றாள்.

போய் உட்கார்ந்தான். விருந்தாளிக்கு வைப்பதுபோல், ஒவ்வொன்றையும் போதுமா போதுமா என்று கேட்டுக் கேட்டு வைத்தாள்.