வீடு பார்க்கப் போய்த் தண்டவாளம் பார்த்தவர்

என் கணவருக்குத் தண்டவாளப் பராமரிப்பில் வேலை. ரயில் என்பது வண்டி இல்லை, வண்டி ஓடுகிற இரும்பு என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் நான் "ரயில் வந்துடுச்சு" என்றால் திருத்துவார். இதெல்லாம் வேலையோடு நின்றால் பரவாயில்லை. கட்டில் ஆடினால் அடியில் ஜல்லி போதவில்லையாம். மகளின் வகிடு கோணினால் அலைன்மென்ட் போய்விட்டதாம். நான் கத்த ஆரம்பித்தால் சத்தமில்லாமல் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். எக்ஸ்பிரஸ் வரும்போது பாசஞ்சர் லூப் லைனில் ஒதுங்கி நிற்பதுதான் முறை என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

மகளுக்கு ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில் வேலை கிடைத்தது. நாங்கள் இருப்பது கன்டோன்மென்ட் பக்கம். வண்டி நேரத்துக்கும் அவள் ஷிஃப்டுக்கும் பொருத்தமே இல்லை. கேப் பிடித்து டிராஃபிக்கைத் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளை துவண்டுவிடுவாள். சிநேகிதி ஒருத்தியோடு அங்கேயே வீடு எடுத்துத் தங்கட்டுமா என்று கேட்டாள். நான் உடனே சரி என்றேன். அவர் மாடியேறிவிட்டார். அப்பா வாய் திறந்து சொல்லாமல் அவள் போகமாட்டாள். இப்படியே அலைந்தால் வேலையை விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவராகவே வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். மூன்று பேரும் போனோம். வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் அலமாரி, சோலார், தண்ணீர் வரும் நேரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். இவர் எதையும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கத்து பால்கனிக்குப் போனார். கீழே காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அவ்வளவுதான், மனிதர் படியிறங்கிப் போய்விட்டார்.

மேலேயிருந்து பார்த்தால், சுவரோரம் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு லைன் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு வண்டி வந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்க்கிறார். எனக்கு மானம் போயிற்று. மகள் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மா என் காதருகே வந்து, சாருக்கு வீடு பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

ஒருவழியாக மேலே வந்தார். ஜல்லி நன்றாக இறுகியிருக்கிறது, தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை ஒன்றும் ஆடவில்லை என்று அறிவித்தார்.

"அப்பா, கிச்சன்கூட நீ பாக்கல," என்றாள் மகள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அத உங்கம்மா பாத்துப்பா," என்றார். கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையை வெகுநேரம் துடைத்தார். "இப்ப போச்சே, அது நம்ம வீட்டுப் பக்கமா வர்ற வண்டிதான். அங்க தாண்டினா கொஞ்ச நேரத்துல இங்க வந்துடும். நான் பாக்கற லைன்தான் இங்க வரைக்கும் வருது. நீ இங்கயே இரும்மா."

மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். முதல் ஆளாகச் சரி சொன்ன எனக்கு, அவள் நிஜமாகவே போகப்போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பாவம், வீட்டுக்கார அம்மா, வண்டிச் சத்தத்துக்குப் பயந்துதான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். முதுகைத் தடவிக்கொடுத்து, முதல் ஒரு வாரம்தான் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும் என்றார்.