எந்த வீக்கத்துக்கு எந்தச் சொல்

என் அக்கா சிறுநீரக வார்டில் நர்ஸ். காலையில் வேலைக்குப் போனதும் நோயாளிகளை ஒவ்வொருவராக எடைமேடையில் ஏற்றுவாள். நேற்றைவிட இன்று எடை கூடியிருந்தால் அது சதை இல்லை, உடம்பில் தேங்கிய தண்ணீர். உடனே குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். விழுந்த குழி மேலெழாமல் அப்படியே நின்றால் அவள் முகம் சுருங்கிவிடும். வருஷக்கணக்காக இதே வேலை என்பதால், எது வேகமாகப் பெருத்தாலும் அவளுக்கு அது வியாதிதான். எதிர்வீட்டுக்காரர் மடமடவென்று மூன்றாவது மாடி எழுப்பியபோது, "இது நல்லதுக்கில்ல" என்றாள். அந்த வீட்டுச் சுவரை அழுத்திப் பார்க்காததுதான் பாக்கி.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு ஹாலில், பீரோவை மறைப்பாக வைத்து, அதற்குப் பின்னால் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் டீவி போட்டால் அவள் தூக்கம் போச்சு. புதிதாகத் திறக்கப் போகிற பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை இருக்கிறது, தங்குவதற்குத் தனி அறையும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்கா ஆளே மாறிப்போனாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இவரோ, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா என்று முணுமுணுத்தார். அன்றைக்கு நான் அவருக்குக் காப்பி போடவில்லை.

நேர்முகம் முழுக்க ஆங்கிலத்தில். அதனால் சாயங்கால வகுப்பொன்றில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பலூன் சார். எந்த உதாரணத்தை எடுத்தாலும் அவர் பலூனில்தான் கொண்டுபோய் முடிப்பார். ஊர் வளர்ச்சியைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள் என்று சொல்லி, வேகமாகப் பெருகுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களையெல்லாம் அவள் தலையில் கொட்டிவிட்டார். செலவு எகிறினால் பலூன். கட்டடங்கள் கண்ட இடத்தில் முளைத்தால் மஷ்ரூம், நாம் காளான் மாதிரி என்கிறோமே, அதுவேதான். சின்னத் தகராறு உருண்டு திரண்டு பெரிதானால் ஸ்நோபால். கால் வீங்கினால் ஸ்வெல். பெருமையில் நெஞ்சு நிறைந்தாலும் அதே ஸ்வெல். துளிர்விட்டுச் செழித்தால் பர்ஜன், அதைப் பெரும்பாலும் நல்லதுக்கே சொல்வார்களாம்.

அக்காவுக்குத் தலை சுற்றியது. ஏறுவது எல்லாம் ஏறுவதுதானே, சொல்கிறவனுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்த்தா சொல்லை எடுப்பார்கள் என்று அவரிடமே சண்டைக்குப் போயிருக்கிறாள். நம்மிடம் மட்டும் என்ன வாழுதாம், முகம் என்றால் உப்புகிறது, மனம் என்றால் பூரிக்கிறது, மாற்றிச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பினாள்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். பேசிப் பழக அவளுக்கு வாகாகக் கிடைத்தது என் வயிறுதான். திங்கட்கிழமை நான் பலூன். செவ்வாய்க்கிழமை மஷ்ரூம். நான் என்ன அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடமா என்று எரிந்து விழுந்தேன். அவள் பாவம், எந்தச் சொல் வசவு, எந்தச் சொல் வாழ்த்து என்று புரியாமல் விழித்தாள்.

கடைசி வகுப்பில் சார் ஒரு புத்திமதி சொல்லி அனுப்பினார். "வாயைத் திறந்தா வியாதியாவே பேசாதீங்கம்மா. எல்லா வீக்கமும் நோயில்ல. சந்தோஷமா வளர்றதும் உண்டு." நல்ல மனுஷன், நல்லதைத்தான் சொன்னார். ஆனால் அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு மாடியைப் பார்த்து பர்ஜன் என்றாள். நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளருகிறேன் என்று என் கன்னத்தையும் தட்டினாள்.

நேர்முகத்தன்று காலையில் எனக்குச் செருப்பு நுழையவில்லை. விரலில் மோதிரம் இறுகியிருந்தது, தலையும் வலித்தது. புடவை கட்டிக்கொண்டிருந்த அக்கா அப்படியே விட்டுவிட்டு வந்து என் காலை அழுத்திப் பார்த்தாள். குழி நின்றது. அவள் கட்டைவிரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி கிடையாது. நர்ஸ் வீட்டில் காய்ச்சல் மாத்திரையே இருக்காது. கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது உலக வழக்கம், போன தடவை டாக்டர் எல்லாம் சரி என்றாரே, நீ கிளம்பு என்று நானும் இவரும் சேர்ந்து சொன்னோம். வேறொரு நாளாக இருந்தால் அவள் கேட்டிருக்கவே மாட்டாள். அன்றைக்குக் கேட்டாள். தான்தான் எதற்கெடுத்தாலும் வியாதி என்கிறவளாயிற்றே என்று தன் விரலையே நம்பாமல் கிளம்பிப் போனாள்.

அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எதிர்பார்த்த கேள்வியேதான், கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள்: உங்களைச் சுற்றி வேகமாக வளருகிற ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள். அக்கா ஊரைப் பற்றித்தான் தயார் செய்திருந்தாள். வாயில் வந்ததோ, "என் தங்கை." அடுத்து பர்ஜன் வரவேண்டும். வரவில்லை. பலூனும் வரவில்லை. கால், கை, முகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் ஸ்வெல் என்றாள். பிறகு எழுந்தாள். நடுவில் இருந்த அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

அவள் வீடு வந்தபோது எனக்குக் கண் மங்கிச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. வாடகைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனாள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம் என்று அன்று மாலையே குழந்தையை வெளியே எடுத்தார்கள். கோழிக்குஞ்சு கணக்கில் இருந்தாள் என் மகள். பிழைத்துக்கொண்டாள். நானும்தான்.

அந்த வேலைக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள். செய்தி வந்தபோது அக்கா என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்தாள், துணியால் குழந்தையின் வாயைத் துடைத்தாள், அப்புறம் அழுதாள்.

"எதுக்குக்கா அழறே? எங்களுக்காகவா, அந்த ரூமுக்காகவா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியல. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது" என்றாள். "நீ பிழைச்சது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா அந்த ரூமும் எனக்கு வேணும்டி."