பதுளைக்கு வந்ததும் ஒரு கோல்

பாக்கியம் அக்கா வீட்டு அடுப்பை நான் ஊதிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கொழும்பில் மகன் ரவியின் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு அக்கா அன்றைக்குத்தான் வேனில் திரும்பி வருவதாக இருந்தது. கண்ணெல்லாம் புகை. போனில் ரவியின் பெயரைப் பார்த்ததும், "பதுளைக்கு வந்தாச்சா? தேத்தண்ணிக் கேத்தல் அடுப்புல இருக்கு, அக்காவ வெரசா வரச் சொல்லு" என்றேன். "பதுளை ஆஸ்பத்திரியில இருக்கோம் மாஸ்டர். அம்மா போயிட்டாங்க" என்றான்.

ஹப்புத்தளை தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னாராம். "நம்ம பக்கத்துக் காத்துடா" என்று சொல்லிச் சாய்ந்தவர், தெமோதரையில் எழுப்பியபோது எழவில்லை.

நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணமாகிப் போனவர்கள், கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போனவர்கள், நீங்களும் அவர் ஊதிய அடுப்புக்குத் திரும்பி வந்தவர்கள்தான். ஆறு குடும்பத்துக்கு ஆறு காம்பிரா, ஒரே கூரை. யார் வெளியூர் போனாலும் சாவி அக்காவின் ஆணியில் தொங்கும். போகிறவர்களிடம் அவர் கேட்டது, திரும்பி வரும்போது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு: "பதுளைக்கு வந்ததும் ஒரு கோல் எடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்." பதுளையிலிருந்து பசறை, பசறையிலிருந்து அடுத்த பஸ், அப்புறம் ஏற்றம். எல்லாவற்றையும் மனதுக்குள் கணக்குப் போட்டு, நாம் வாசலுக்கு வரும்போது நம் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருப்பார்.

நான் பூனாகலைக்காரன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி இந்த லயத்துக்கு வந்த புதிதில் இந்த வழக்கம் எனக்குத் தெரியாது; அக்காவிடம் என் மனைவி சாவி கொடுத்ததும், பதுளையிலிருந்து கோல் எடுத்ததும்கூடத் தெரியாது. பள்ளி விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு மேடேறி வந்தால், பூட்டிவிட்டுப் போன எங்கள் காம்பிராவிலிருந்து புகை! "ஐயோ, வீடு பத்திக்கிச்சு!" என்று பையைப் போட்டுவிட்டு ஓடினேன். குழாயடியில் கிடந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக நுழைந்து, எரிகிற அடுப்பில் அப்படியே ஊற்றிவிட்டேன். சாம்பல் முகமாய் எழுந்து நின்றார் பாக்கியம் அக்கா. "நல்ல மாஸ்டர நம்ம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்காங்க" என்றார். லயமே கூடிச் சிரித்தது. அவர் மறுபடி குனிந்து ஊத ஆரம்பித்தார். என் மனைவி சாந்தி இன்றைக்கும் என்னை அடக்க அந்த வாளிக் கதையைத்தான் எடுப்பாள்.

அதைவிட மோசமான தவறு ஒன்றும் செய்தேன். கேஸ் அடுப்பு வாங்கியதும், "இனி நீங்க கஷ்டப்பட வேணாங்க்கா, வந்து நாங்களே பத்த வச்சுக்குவோம்" என்று பெரிய மனிதன் போலச் சொன்னேன். அடுத்த விடுமுறை முடிந்து வந்தோம். வீடு கூட்டியிருந்தது, குடத்தில் தண்ணீர் இருந்தது, அடுப்பு மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. கேஸில் இரண்டு நிமிடத்தில் தேத்தண்ணி வந்துவிட்டது. ஆனால் சாந்தி பையைப் பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குங்க" என்றாள். அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கேஸு தண்ணியச் சூடாக்கும் மாஸ்டர். வீட்டச் சூடாக்குமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே விறகோடு வந்தார்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன். கல்யாணமான புதிதில் தாயின் சாவுக்குப் போய்விட்டு அவர் தனியாகத் திரும்பியிருக்கிறார். கணவர் மலையில் வேலைக்குப் போயிருந்தார். மழை ஒழுகி விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ஒரு பெட்டித் தீக்குச்சியும் தீர்ந்துபோக, ஈரச் சேலையோடு அடுப்பின் முன் உட்கார்ந்து அழுதாராம். "எங்கம்மா செத்ததுக்குக்கூட நான் அப்பிடி அழுவல மாஸ்டர்" என்றார்.

அதன்பிறகு, எல்லோர் சாவியையும் வைத்திருந்ததால் அவர் எங்கும் போனதில்லை. கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. இந்த முறை ரவி பிடிவாதம் பிடித்ததால் கிளம்பினார். சாவியை என் கையில் கொடுத்தபோதும் அடுப்புப் பேச்சுதான். "அடுப்ப மறந்துறாதீங்க மாஸ்டர். ஈர வெறக வச்சுப் பொகய விட்டுறாதீங்க." கொழும்பிலிருந்து தினமும் கோல். கடல் பார்த்தீர்களா என்றால், "பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. பாவம், அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு, வீடு போய்ச் சேர மாட்டேங்குது" என்றார். கடைசிக் கோலிலும் அதே கேள்விதான்: "பத்த வச்சிருவீங்கல்ல?"

செய்தி பரவி லயத்தார் கூடியபோது நான் அந்த அடுப்பின் முன்னால்தான் நின்றேன். பக்கத்துக் காம்பிரா முத்தையா கங்காணி உள்ளே வந்தார். "எழவு வீட்டுல அடுப்பெரியக் கூடாது மாஸ்டர். அணைங்க." அவர் சொன்னது நம் வழக்கம், தப்பில்லை. ஆனால் வாளியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு தடவை அந்த மனுஷி மூட்டிய தீயை அணைத்தவன் நான். எங்கள் சாவிகள் அவர் ஆணிக்கு வந்த பிறகு அவர் வெளியூர் போனது ஒரே தடவை, திரும்பி வருவதும் ஒரே தடவை. குளிர்ந்த அடுப்புக்கா வர வேண்டும்? எரிகிற கொள்ளிகளை இரும்புத் தாச்சிச் சட்டியில் அள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போனேன். கேத்தலைத் தூக்கிக்கொண்டு சாந்தி பின்னால் வந்தாள். அந்தத் தீயை எங்கள் அடுப்பில் போட்டு, மறுநாள் வரை அணையாமல் பார்த்துக்கொண்டோம். எழவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதில் போட்ட தேத்தண்ணிதான்.

மறுநாள் மூன்று மணிக்கு ரவி, "பதுளைய விட்டு வெளிக்கிட்டுட்டோம் மாஸ்டர்" என்று கோல் எடுத்தான். நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். வேன் கீழ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டபோது முத்தையா கங்காணி எங்கள் குசினிக்குள் அடுப்பருகே வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஒரு ஈர வெறக வைங்க மாஸ்டர்" என்றார். "பொக நல்லா மேல ஏறட்டும். ரோட்டுல இருந்து பாத்தா எந்த வீட்டுப் பொகன்னு தெரியவா போகுது?"

பதினாறு முடிந்து ரவி கொழும்புக்குக் கிளம்பினான். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "இனி இங்க யாரு இருக்கா மாஸ்டர், எப்ப வருவேன்னு தெரியல" என்றான். அதை வாங்கி, அக்காவின் ஆணியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட மற்றச் சாவிகளோடு மாட்டினேன்.

"எப்ப வந்தாலும் சரி," என்றேன். "பதுளைக்கு வந்ததும் ஒரு கோல் எடு. மத்தத நான் பாத்துக்கிறேன்."